எல்லாப் பழியும் சூட்டின் மேல்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் மருந்துக் கடையில் வாய்ப்புண் களிம்பு வைத்திருக்கும் தட்டு வேகமாகக் காலியாகும். கடை இருப்பது வடசென்னையில், ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்குப் போகும் வழியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். போனால் நாள்கணக்கில் கடலிலேயே தங்கிவிடும் ஆண்கள் அந்த இரண்டு மாதமும் கரையில் இருப்பார்கள். அங்கே பொறுத்துக்கொண்ட பல்வலி, ஈறுவீக்கம், வாய்ப்புண் எல்லாம் அப்போதுதான் கடைக்கு வந்து சேரும். என்ன காரணம் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: உடம்பு சூடு.

மருந்தாளுநராக இந்தப் பகுதியில் வெகுகாலமாக நிற்கிறேன். சூடு என்ற பதிலோடு எனக்கு ஓயாத சண்டை. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் உமிழ்நீர் குறையும், வாய் வறளும், வறண்ட வாய் எளிதில் புண்ணாகும். அந்த அளவுக்கு அது உண்மை. ஆனால் சூடு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை. எந்த இடத்தில் புண், எத்தனை நாளாக இருக்கிறது, ஆறிவிட்டுத் திரும்ப வருகிறதா, ஆறவே இல்லையா, வாயில் என்ன போடும் பழக்கம் என்று கேட்க வேண்டிய எல்லாக் கேள்விகளும் ஓர் இளநீரோடு முடிந்துவிடுகின்றன. அப்படி முடிந்துபோனதால் காலம் கடந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெரும்பாலோருக்கு வருவது ஆப்தஸ் புண் என்று மருத்துவர்கள் சொல்லும் சாதாரண வகை. உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பக்கம் போன்ற மெத்தென்ற இடங்களில்தான் வரும். நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிலும் சிவப்பு வளையம். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, ஆனால் உயிர் போகிற வலி வலிக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறும், தழும்பு இருக்காது, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இதிலேயே பெரிய வகையும் உண்டு. அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக வந்து, ஆற ஆறு வாரம் வரை எடுத்துக்கொண்டு, தழும்பும் விட்டுப் போகும்.

ஏன் வருகிறது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். பேச்சு சுவாரஸ்யத்தில் கன்னத்தைக் கடித்துக்கொண்டது, ஈறில் குத்திய மீன் முள், விறைப்பான பிரஷ், தேர்வுக் காலத்துத் தூக்கமின்மை, மாதவிலக்குக்கு முந்தைய நாள்கள் என்று எதுவும் தூண்டிவிடலாம். சிலருக்குப் பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் ஒத்துக்கொள்ளாது. அது இல்லாத பற்பசைக்கு மாறியதும் புண் குறைந்தவர்கள் உண்டு. சிகரெட்டை விட்ட முதல் சில வாரங்களிலும் இந்தப் புண் வருவது வழக்கம். விட்டதால்தான் வந்தது என்று நினைத்துச் சிலர் திரும்பவும் பிடிக்க ஆரம்பிக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், இது போய்விடும் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்புகிறேன்.

எப்போதோ ஒரு முறை வந்து போகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மாதாமாதம் வருகிறது என்பவர்களை மட்டும் நிறுத்தி வைத்துப் பேசுவேன். இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் வாய் அடிக்கடி புண்ணாகும், நாக்கு வழுவழுவென்று ஆகி எரியும், உதட்டோரம் வெடிக்கும். விடிவதற்கு முன்பே ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடை காலியான பிறகு எதையோ வாயில் போட்டுக்கொள்ளும் பெண்களிடம் இரத்தசோகை மிக அதிகம். கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாலே வெளுத்திருப்பது தெரியும். பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், முட்டை, இறைச்சி, பால் போன்றவற்றில்தான். ஆகவே அசைவம் தொடாத குடும்பங்களில் அது குறைய வாய்ப்புண்டு. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பி12 குறையும் என்பது பலருக்குத் தெரியாது. இரத்தப் பரிசோதனை செய்யாமல் ஆண்டுக்கணக்கில் பி காம்ப்ளக்ஸ் அட்டை வாங்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எது குறைவு என்று தெரிந்தால் அதற்குரிய மருந்தை, அதற்குரிய அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துச் சாப்பிடுவதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. எரியும் வாய்க்கு இதமான உணவு அது. வெதுவெதுப்பான ஒரு டம்ளர் நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பதும் நல்லது. ஆனால் வயிற்றில் புண் இருப்பதால்தான் வாயில் வருகிறது என்று அமிலம் குறைக்கும் மாத்திரையை விழுங்குவது வீண். குடல் அழற்சி போன்ற சில நோய்கள் வாயில் புண்ணாகத் தெரியும் என்பது வேறு விஷயம். வாய்ப்புண்ணோடு நீடித்த வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் இருந்தாலோ, பிறப்புறுப்பிலும் புண் வந்து கண் சிவந்திருந்தாலோ மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எல்லா வாய்ப்புண்ணுக்கும் ஒரே களிம்பைப் பூசுவதில் ஆபத்து இருக்கிறது. உதட்டின் விளிம்பிலும் ஈறிலும் மேல் அண்ணத்திலும் கொத்துக்கொத்தாகச் சிறு கொப்புளம் வந்து உடைந்தால், அது பெரும்பாலும் ஹெர்பீஸ் வைரஸ். இது தொற்றும். இதன் மீதோ பூஞ்சைத் தொற்றின் மீதோ ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் தொற்று வளரும். உதட்டில் கொப்புளத்தோடு கைக்குழந்தையைக் கொஞ்சும் உறவினரை, யாராக இருந்தாலும், கொஞ்ச நாள் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மனஸ்தாபம் வந்தால் வரட்டும்.

குழந்தைகளுக்கு இந்த வைரஸ் முதன்முறை வரும்போது கடுமையாக இருக்கும். ஈறு முழுவதும் சிவந்து வீங்கும், காய்ச்சல் அடிக்கும், எச்சில் ஒழுகும், பால்கூட இறங்காது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் அடிக்கடி பார்க்கும் கை, கால், வாய் நோயில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சேர்ந்து கொப்புளம் வரும். இரண்டையும் அம்மை என்று முடிவு செய்து, வேப்பிலை செருகி, மருத்துவரிடம் போகக் கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளை சிறுநீர் போகிறதா என்று மட்டும் பாருங்கள். வாய் வலியால் தண்ணீர் குடிக்காமல் உடல் நீரற்றுப் போவதுதான் இதில் பெரிய ஆபத்து. ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாமல் துவண்டு கிடந்தால் அம்மை இறங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வெள்ளைப் படலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளையாக இருப்பது பால் தானா என்று அறிய ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். பால் என்றால் போய்விடும். தயிர்த் திட்டு போல ஒட்டியிருந்து, துடைத்தால் அடியில் சிவந்து லேசாக இரத்தம் கசிந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சை. பெரியவர்களுக்கு இது வந்தால் ஏன் வந்தது என்று தேடியாக வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றாமல் தூங்கும் ஆயாக்களுக்கு அண்ணம் சிவந்து, உதட்டின் இரு ஓரமும் வெடித்திருக்கும். கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டு வைத்தாலே பாதி சரியாகும். மணலி, எண்ணூர் பக்கம் இன்ஹேலர் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். ஸ்டீராய்டு இன்ஹேலரை இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் தொண்டை வரை பூஞ்சை படரும். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் வரும். இது எதுவும் இல்லாதவருக்கு வந்தால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும், எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் அந்தப் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

சர்க்கரையும் ஈறும் ஒன்றையொன்று கெடுக்கும் ஜோடி. சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றுகிறது, ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுகிறது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அப்படி மாத்திரை வாங்கும் பலர் பல் துலக்கும்போது துப்பும் எச்சிலில் இரத்தம் வருவதைப் பொருட்படுத்துவதே இல்லை. மாத்திரை கொண்டு வருகிறவரிடம் அதையும் சொல்லுங்கள்.

எங்கள் தொழிலில் என் மனதை அறுக்கும் ஒன்று, "செட்". பல்வலிக்கு ஒரு செட் கொடுங்கள் என்பார்கள். ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வயிற்று மாத்திரை. அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, துண்டுக் காகிதத்தில் மடித்து, இரண்டு வேளைக்கு என்று கொடுக்கும் வழக்கம் இது. வெட்டிய துண்டில் மாத்திரையின் பெயரும் இருக்காது, காலாவதி தேதியும் இருக்காது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது சட்டப்படியும் குற்றம். நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறவர்கள் போகட்டும். இரண்டு வேளை மாத்திரையில் வலி அடங்கும், வேருக்கு அடியில் சீழ் அப்படியே இருக்கும். சீழை வெளியேற்றாமல் எந்த மாத்திரையும் அதைத் தீர்க்காது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் இருக்கும் அந்தச் சீழ் ஒரு நாள் தாடைக்கு அடியில் பரவினால், நாக்கின் அடிப்பகுதி மரக்கட்டை போல இறுகி மேலே எழும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு அடைக்கும். 1836இல் இதை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் லுட்விக் ஆஞ்சைனா என்பார்கள். தாடைக்கு அடியில் இருபுறமும் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், குரல் மாறினால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வலிக்கும் பல்லுக்குப் பக்கத்தில் ஆஸ்பிரினை அடக்கி வைப்பதையும் நிறுத்த வேண்டும். அது அந்த இடத்துத் தோலை வேகவைத்துவிடும். மறுநாள் வெள்ளையாக உரிந்து, பல்வலியோடு புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூட்டு வாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மீத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு விழுங்குபவர்களுக்கு முதலில் தெரியும் அடையாளங்களில் ஒன்று, வாய் முழுவதும் புண். பிறகு இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது அட்டையின் மேல் கிழமையைப் பேனாவால் பெரிதாக எழுதி, வாங்குபவரை வாய்விட்டுச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன். வாய்ப்புண் என்று வரும் முதியவரிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி பாக்கு. இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் முக்கியம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். தூக்கத்தை விரட்ட ஓட்டுநரும் கிளீனரும் ஏதாவது மென்றுகொண்டே இருப்பார்கள். பாக்குத்தூள், சுண்ணாம்பு, புகையிலை கலந்த மாவா, சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்கள். குட்காவையும் பான் மசாலாவையும் 2013இல் தமிழக அரசு தடை செய்தது. தேடுகிறவர்களுக்கு இன்றும் கிடைக்கிறது. அப்படி ஒரு கிளீனர் பையன், இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டான், ரசம் சோறுகூட எரிகிறது, பி காம்ப்ளக்ஸ் கொடுங்கள் அக்கா என்று வந்தான். புண் இருக்கிறதா என்றேன். இல்லை, எரிச்சல் மட்டும் என்றான். மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, பல்லுக்கு நடுவே நெட்டுவாக்கில் விடச் சொன்னேன். சாதாரணமாக யாருக்கும் போகும். அவனுக்கு இரண்டாவது விரலே திணறியது. கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய கன்னத்தின் உட்புறம் இரத்தமே ஓடாததுபோல் வெளுத்திருந்தது.

"என்ன போடுகிறாய் தம்பி?"

"பாக்கு மட்டும்தான் அக்கா. புகையிலை தொடமாட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை. பாக்கு மட்டும் என்றால் ஒன்றும் ஆகாது என்றே நம்பியிருந்தான். இந்தப் பகுதியில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருள் கன்னத்துத் தோலுக்கு அடியில் நார்த்திசுவைத் தேவைக்கு மேல் வளரச் செய்கிறது. முதலில் காரம் எரியும், பிறகு வெளுக்கும், பிறகு நார் பட்டைகள் இறுகி வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். நாக்கை வெளியே நீட்டுவதும் விசில் அடிப்பதும் கடினமாகும். வாய்வழி நார்த்திசு நோய் என்று இதைச் சொல்லலாம். இறுகியது பழையபடி முழுதாக இளகாது, புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெறும் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்கும் பொருளைப் பற்றி இப்படிப் பேசினால் சிலருக்கு வருத்தம் வருகிறது. கல்யாணத்தில் ஒரு முறை போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் கன்னத்தில் அடக்கி வைப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

அந்தப் பையன் பாக்கை நிறுத்திவிட்டு, மருத்துவர் சொன்னபடி ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து வாய் திறக்கும் பயிற்சி செய்கிறான். காரம் இல்லாமல் சாப்பிட முடிகிறது. மேற்கொண்டு இறுகாமல் இருப்பதே அவனுக்குப் பெரிய லாபம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆண்டுக்கணக்கில் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இந்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பெண்களும் தப்பவில்லை. மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பெண்களுக்கு, எந்தக் கன்னத்தில் அடக்குகிறார்களோ பெரும்பாலும் அந்த இடத்திலேயே வருகிறது. அவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்றால், வலிக்கவில்லை என்பதால். சாதாரணப் புண் முதல் நாளிலிருந்தே அழ வைக்கும். புற்றுநோய்ப் புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும் புண்ணுக்குக் களிம்பு தேடி ஓடி வருகிறோம், வலிக்காததைச் சூடு என்று விட்டுவிடுகிறோம். நியாயப்படி இதைத்தான் மாற்றிச் செய்ய வேண்டும்.

மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், ஓரம் தடித்துக் கெட்டியான புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், ஒரு பக்கக் காதில் மட்டும் நீடிக்கும் வலி, கழுத்தில் கட்டி. இவற்றில் எது இருந்தாலும் கடைக்கு வராதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டு அதிக ஆபத்தானது. உடைந்த பல்லின் கூர் உரசி நாக்கின் ஓரத்தில் புண் வந்திருந்தால், பல்லைத் தேய்த்து மழுக்கிய இரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும். ஆறவில்லை என்றால் பல்லின் மேல் பழி போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது.

மாதத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி முன் நின்று கைப்பேசி விளக்கைப் போடுங்கள். உதட்டை மேலும் கீழும் புரட்டிப் பாருங்கள். கன்னத்தை விரலால் இழுத்துக் கடைசிப் பல் வரை பாருங்கள். நாக்கு நுனியைக் கைக்குட்டையால் பிடித்து இரு பக்கமும் திருப்புங்கள். நாக்கை மேலே மடக்கி அடிப்பகுதியையும் பாருங்கள். நாக்கின் ஓரமும் அடிப்பகுதியும்தான் பலர் பார்க்காமல் விடும் இடங்கள்.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் இங்கே அவ்வளவு ஆழமாக இருக்கிறது. துணுக்கு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் தள்ளிப்போட்ட மாதங்களில்தான் பரவுகிறது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள்.

நம் பக்கத்து மக்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனையிலேயே பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புறநோயாளிகள் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். புண் முதலில் தெரிந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். என்ன மெல்கிறீர்கள், எத்தனை ஆண்டாக, எந்தக் கன்னத்தில் என்று கேட்பார்கள். வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருப்பதால் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள், ஆனால் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.